"இது எந்த யூனிட்ல வரும், அக்கா?"

போன செமஸ்டரில் வடமாவட்டக் கல்லூரி ஒன்றின் சமூகவியல் துறையில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள், அறுபது பேர் இருக்கலாம். தலைப்பு சாதி. மேடை, மைக் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தேன். உங்கள் ஊரில் தேர் எந்தத் தெரு வரை வரும், சுடுகாட்டுக்குப் போகும் வழி எது, யார் வீட்டுக்குள் யார் போகலாம் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவோம் என்றேன். பத்து நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு சுவரோரம் இருந்த ஒரு பெண், திறந்த நோட்டும் பேனாவுமாக, கேட்டார்: "அக்கா, இது எந்த யூனிட்ல வரும்?"

வகுப்பு சிரித்தது. பின்னால் நின்றிருந்த பேராசிரியரும் சிரித்தார். வெளியே வந்ததும் என்னிடம், "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மார்க்கைத் தவிர வேற எதுவும் வேண்டாம்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். சாதியைப் பற்றிப் பேச வந்தால் யூனிட் கேட்கிறார்களே என்று.

அந்த எரிச்சலோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தால், அதே பெண் அங்கே நின்றிருந்தார். நாற்பது நிமிடம் பேருந்து வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த நாற்பது நிமிடத்திலிருந்து வந்தது.

அவர் தங்கியிருப்பது ஆதிதிராவிடர் நல விடுதியில். (2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பேச்சு வழக்கில் இன்னும் பழைய பெயர்தான்.) அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி, அம்மா நூறு நாள் வேலை. ஏற்கெனவே இரண்டு பேப்பர் அரியர். "மூணு வருஷம்னு சொல்லித்தான் அக்கா வீட்ல விட்டாங்க. நாலாவது வருஷம்னா மாப்பிள்ளை பாத்துடுவாங்க." அப்புறம் எனக்குக் கணக்குப் பாடம் நடத்தினார். எக்ஸ்டர்னல் எழுபத்தைந்து, இன்டர்னல் இருபத்தைந்து. எழுபத்தைந்தில் முப்பது எடுக்க வேண்டும், மொத்தத்தில் நாற்பது வர வேண்டும். பத்து இரண்டு மார்க், ஐந்து ஐந்து மார்க், மூன்று பத்து மார்க். பத்து மார்க் கேள்வி ஐந்து கொடுத்து மூன்று எழுதச் சொல்வதால் இரண்டு யூனிட்டை விட்டுவிட்டாலும் தப்பிக்கலாம். எந்த இரண்டை விடுவது என்பதைக் கடந்த ஐந்து வருட வினாத்தாளை வைத்து முடிவு செய்திருந்தார். படிப்பில் ஆர்வமில்லாதவர் என்று இவரைத்தான் சொல்கிறோம். எங்கள் அலுவலகத்தில் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் இத்தனை துல்லியமாகக் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

"சரிம்மா, ஆனா நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலையே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அங்க சொன்னா நான் எந்தத் தெருன்னு தெரிஞ்சிடும்ல அக்கா. என் கூட உக்கார்ற பொண்ணுக்கு இன்னும் தெரியாது."

பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தேர் எந்தத் தெரு வரை வரும் என்ற கேள்வி, தேர் வருகிற தெருவில் இருப்பவருக்கு ஒரு தகவல். தேர் வராத தெருவில் இருப்பவருக்கு அது வகுப்பு முன்னால் எழுந்து நின்று தன்னைக் காட்டிக்கொடுப்பது. அனுபவத்திலிருந்து கற்றல் என்று பயிற்சிப் பட்டறைகளில் நான் படித்துக்கொண்டு வந்ததை, அறுபது பேர் கலந்து உட்கார்ந்த வட்டத்தில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இறக்கி வைத்திருக்கிறேன். யூனிட் கேட்டு அந்தப் பெண் பேச்சை மாற்றியிருக்கிறார். தன்னை மட்டுமில்லை, வகுப்பில் இன்னும் சிலரையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்.

மாணவர் மையக் கற்பித்தல் என்று இன்று எல்லாக் கல்லூரியிலும் பேசுகிறார்கள். குழு விவாதம், செமினார், களப்பணி, புராஜெக்ட். ஆசிரியர் பேச மாணவர் எழுதுவது போதாது, மாணவரே பேசட்டும், தேடட்டும் என்கிறார்கள். கொள்கையாக யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. மாணவர்கள் பரீட்சைக்கு மட்டும் படிப்பதால்தான் இது எடுபடவில்லை என்பது ஆசிரியர்களின் புகார். நான் கேட்பது வேறு. பரீட்சையை ஏன் நம் பிள்ளைகள் இத்தனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள்?

பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாளில் பெயர் இருக்காது. பதிவு எண்ணையும் மறைத்து டம்மி நம்பர் போட்டு வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். திருத்துகிறவருக்கு நீங்கள் யார் மகள், எந்த விடுதி, உதவித்தொகை வாங்குகிறவரா என்று தெரியாது. ஒரு தலித் மாணவருக்குக் கல்லூரிக்குள் சாதி தெரியாமல் மதிப்பிடப்படும் இடம் அநேகமாக அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான். மீதி எல்லா இடத்திலும் முகம் தெரியும். இன்டர்னல் இருபத்தைந்து போடுகிறவருக்கு முகம் தெரியும், பெயர் தெரியும், உதவித்தொகைப் பட்டியல் துறை அலுவலகத்திலேயே இருக்கிறது.

நான் எம்.ஏ. படித்தபோது ஒரு கிராம ஆய்வுக்கு ஐந்து பேர் கொண்ட குழுவாகப் பிரித்தார்கள். அதுவும் மாணவர் மையக் கற்பித்தல்தான். ஊருக்குப் போனதும் வேலை தானாகப் பிரிந்தது. இரண்டு பேர் ஊர்த்தெருவில் வீடு வீடாகப் போனார்கள், திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். என்னைக் காலனிக்கு அனுப்பினார்கள். "நீ ஈஸியா பேசிடுவ." நானும் பேசினேன். குழுவில் அதிகப் பேட்டி எடுத்தவள் நான்தான். செமினார் நாளன்று அறிக்கையை ஆங்கிலத்தில் வாசித்தவர் வேறொருவர், கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் இன்னொருவர். நான் சார்ட் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசித்தவருக்கு இருபத்து மூன்று, எனக்குப் பதினான்கு. ஏன் என்று கேட்டதற்கு, "பங்கேற்பு குறைவு" என்றார் ஆசிரியர். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவர் கண்ணில் பட்டது வாசித்தவர்தான். காலனியில் நான் உட்கார்ந்திருந்த மதிய வேளைகள் அவர் கண்ணில் படவில்லை. அதே பாடத்தின் எக்ஸ்டர்னலில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தேன். பட்டம் வாங்கி நெட் எழுதும் தகுதி எனக்குக் கிடைத்தது அந்த டம்மி நம்பரால்.

இது என் ஒருத்தியின் கதை என்று ஒதுக்கலாம். தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த பாகுபாட்டை விசாரித்த சுக்தேவ் தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். பட்டியலின, பழங்குடி மாணவர்கள் குறிப்பாகப் புகார் சொன்னது நேருக்கு நேர் மதிப்பிடப்படும் செய்முறைத் தேர்வையும் வாய்மொழித் தேர்வையும் பற்றி. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணையும் வாய்மொழித் தேர்வில் வாங்கியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, வாய்மொழித் தேர்வின் மதிப்பெண்ணை 30இலிருந்து 15 ஆகக் குறைக்கச் சொன்னது. நடந்தது நேர்மாறு. 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளால் எழுத்துத் தேர்வு வெறும் தகுதித் தேர்வாகி, ஆராய்ச்சிச் சேர்க்கை முழுக்க வாய்மொழித் தேர்வின் கைக்குப் போனது. 2017 மார்ச்சில் தில்லியில் இறந்துபோன சேலத்துத் தோழர் முத்துகிருஷ்ணன் கடைசியாக முகநூலில் எழுதிய பதிவு, ஆராய்ச்சிச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்பதைப் பற்றியது. அவரை நாம் நினைவுநாளில் மட்டும் நினைக்கிறோம். ஒவ்வொரு இன்டர்னல் பட்டியலிலும் நினைக்க வேண்டும்.

அப்படியானால் பரீட்சையே போதும் என்கிறேனா? இல்லை. பரீட்சை நமக்குக் கேடயம், ஆனால் ஆசிரியர் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் இதை நூறு வருடத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறார். 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேசும்போது, பரீட்சை வேறு, கல்வி வேறு என்றார். தரத்தை உயர்த்துகிறோம் என்ற பெயரில் பரீட்சையைக் கடினமாக்கி, அதுவரை பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத சமூகங்களை வெளியே நிறுத்துகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழுவுக்குக் கொடுத்த சாட்சியத்தில், மாணவர் தலைக்குள் தகவலைத் திணிப்பதைவிட அவரைச் சொந்தமாக யோசிக்க வைப்பதும், பெரிய அறிஞர்களையே கேள்வி கேட்டுப் படிக்கப் பழக்குவதும்தான் பல்கலைக்கழகத்தின் வேலை என்று எழுதினார். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதி அம்பேத்கரைத்தான் காட்டுகிறார்கள்.

அவர் இதை எங்கிருந்து எழுதினார் என்பதும் முக்கியம். சத்தாராவில் பள்ளிக்கூடத்தில் தனியாக ஒரு சாக்கைக் கொண்டுபோய் அதன்மேல் உட்கார்ந்த பிள்ளை. 1913இல் கொலம்பியா போகிறார். 1916 மே மாதம், இருபத்தைந்து வயதில், கோல்டன்வைசரின் மானுடவியல் செமினாரில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். இன்று சாதியைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அது ஒரு மாணவரின் செமினார் பேப்பர், தோழர்களே! எந்த யூனிட்டிலும் வராத ஒன்று. எந்தத் தெருவிலிருந்து வந்தாய் என்று கேட்டு மதிப்பெண் போடாத ஒரு அறை அவருக்குக் கடல் தாண்டிக் கிடைத்தது. நம் மாணவர்களுக்கு உள்ளூரில் அந்த அறை எங்கே இருக்கிறது?

கல்லூரிகளில் இப்போது அந்த அறை இருப்பதாகக் காகிதத்தில் இருக்கிறது. நாக் குழு வரும்போது மாணவர் மைய முறைகளைப் பின்பற்றியதற்குச் சான்று வேண்டும். பேனர் கட்டி, வட்டமாக உட்கார வைத்து, ஜியோடேக் போட்ட போட்டோ எடுத்து, கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள். (நான் பேசப் போன நாளிலும் எடுத்தார்கள். ஏதோ ஒரு கோப்பில் நானும் சான்றாக இருக்கிறேன்.) ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாதிப் பேர் தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த வருடம் வேலை உண்டா என்று தெரியாதவரிடம் அறுபது பேரை உரையாட வை என்றால் அவர் பவர்பாயிண்டைத்தான் திறப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாணவர்கள் உரையாடத் தெரியாதவர்கள் இல்லை. இவர்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் செயல்வழிக் கற்றல் காலத்துப் பிள்ளைகள். நாலாம் வகுப்பு வரை தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டையைத் தானே எடுத்து, ஏணிப்படியில் தன் இடத்தைத் தானே பார்த்துப் படித்தவர்கள். அதற்கு மேல் வந்ததும் ஒரே வரிசை, ஒரே திசை. பத்தாவதில் நோட்ஸ், பன்னிரண்டாவதில் மதிப்பெண் கணக்கு, கல்லூரியில் ஜெராக்ஸ் கடைக் கைடு. பத்து வருடம் இப்படிப் பழக்கிவிட்டு, பத்தொன்பது வயதில் திடீரென்று வட்டம் போட்டு, ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்கிறோம்.

இனி என் தவறு. மூன்று வருடம் முன்பு எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டம் தொடங்கினேன். பாவ்லோ ஃப்ரெய்ரேவைப் படித்த சூடு. கைடு கொண்டுவரக் கூடாது, மதிப்பெண் பேச்சு கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டேன். பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஆறாவது வாரம் ஐந்து பேர். செமஸ்டர் முடிந்ததும் ஒரு தம்பி வந்து சொன்னார்: "அக்கா, உங்க கிளாஸ் நல்லா இருந்துச்சு. ஆனா பேப்பர் போயிடுச்சு." அவர் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்தியது. எனக்கு வேலை இருக்கிறது, பட்டம் இருக்கிறது. மதிப்பெண்ணைக் கேவலமாகப் பேச என்னால் முடியும். அவரால் முடியாது.

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். முதல் ஒரு மணி நேரம் பழைய வினாத்தாள். பத்து மார்க் விடையை எப்படிப் பிரித்து எழுதுவது, இரண்டு மார்க்குக்கு எத்தனை வரி போதும், ஆங்கில வழியில் படித்தாலும் தமிழில் எழுத உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்பதெல்லாம். பயம் அடங்கிய பிறகுதான் பேச்சு. இங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நாலைந்து காலனிக்காரர்கள், யாருக்கு முன்னாலும் யாரும் மறைக்க எதுவும் இல்லை.

ஒரு ஞாயிறு எம்.என். சீனிவாசின் சமஸ்கிருதமயமாக்கலை எடுத்தோம். வருடா வருடம் வரும் பத்து மார்க் கேள்வி. கைடில் வரையறை, ஐந்து இயல்புகள், இரண்டு விமர்சனம், முடிவுரை. எழுதிப் பார்த்து முடித்ததும், பேப்பர் போன அதே தம்பி கேட்டார்: "எங்க தாத்தா சாவுக்குப் பறை அடிக்க மாட்டேன்னு நிறுத்திட்டாரு. ஊர்ல அடிச்சாங்க, அப்பவும் போகல. கைடு படி பாத்தா இதுவும் சமஸ்கிருதமயமாக்கலா?"

அன்று இரவு எட்டரை வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேல்சாதியைப் போல ஆக வேண்டும் என்று நிறுத்தினாரா, இனி உனக்கு ஊழியம் செய்ய மாட்டேன் என்று நிறுத்தினாரா? இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதானே இருக்கும்? அப்படியானால் யாரைக் கேட்டு முடிவு செய்வது? நாம் இன்று அதே பறையை மேடையில் பெருமையாக அடிக்கிறோமே, அது தாத்தாவுக்கு எதிரானதா என்று ஒரு பெண் கேட்டார். நடுவில் சண்டையும் வந்தது. குடகு மக்களைப் பற்றி 1952இல் வந்த ஒரு புத்தகத்தின் கருத்தாக்கம், தன் சொந்தத் தாத்தாவின் மீது சரியாகப் பொருந்தவில்லை என்று ஒருவர் கண்டுபிடிக்கிறார். எம்.ஏ. முடித்த எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆராய்ச்சி என்பதன் தொடக்கம் இதுதான், இதை அவர் கைடின் எதிரே உட்கார்ந்து செய்தார், கைடைத் தூக்கி எறிந்துவிட்டு அல்ல.

இதைப் பரீட்சையில் எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொல்ல எனக்குத் துணிவில்லை. விடைக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டுக் கட்டாகத் திருத்துகிறவர் தாத்தாவைத் தேட மாட்டார். ஐந்து இயல்புகளையும் முதலில் எழுது, இடம் இருந்தால் விமர்சனத்தில் நாலு வரி சேர் என்றேன். இந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. ஒவ்வொரு வினாத்தாளிலும் மாணவர் தன் ஊரிலிருந்து, தன் களத்திலிருந்து எழுதக்கூடிய ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும், அதையும் டம்மி நம்பரோடு திருத்த வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். பேசுவதற்கு மதிப்பெண் வேண்டாம், எழுதுவதற்குச் சுதந்திரம் வேண்டும். விவாதத்தில் மதிப்பெண்ணை ஒட்டவைத்த அன்றே அது வாய்மொழித் தேர்வாகிவிடுகிறது. பேசப் பழகாதவர், ஆங்கிலம் வராதவர், தெருப் பெயரை மறைக்க வேண்டியவர் எல்லோரும் அதில் தோற்கிறார்கள்.

இன்டர்னலே கூடாது என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் பரீட்சை கெட்டுப்போனவருக்கு இன்டர்னல்தான் கை கொடுக்கிறது. சிக்கல் அது இருட்டில் போடப்படுவதில் இருக்கிறது.

அடுத்த மாதம் பெரும்பாலான கல்லூரிகளில் இன்டர்னல் பட்டியலில் கையெழுத்து வாங்குவார்கள். மொத்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். தேர்வுக்கு எவ்வளவு, அசைன்மென்டுக்கு எவ்வளவு, செமினாருக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். திருத்திய தாளைக் காட்டச் சொல்லுங்கள். குழுவாகச் செய்த வேலை என்றால் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி, குழுவில் எல்லோரும் கையெழுத்திட்டு, மதிப்பெண் போடும் முன்பே கொடுத்துவிடுங்கள். நான் அன்று அதைச் செய்திருக்க வேண்டும். துறைத்தலைவரைப் பார்க்கத் தனியாகப் போக வேண்டாம், நாலு பேராகப் போங்கள், அதில் ஒருவராவது வேறு சாதி நண்பராக இருந்தால் நல்லது. வாய்வார்த்தையாகப் பதில் வந்தால் எழுத்தில் கேளுங்கள். அப்படியும் தரவில்லை என்றால் பட்டியலின் நகலோடு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் வினாத்தாள் பார்ப்போம், அதற்குப் பிறகு மனு எழுதலாம்.